தார்க்கோடு மறைந்த வீடு

கொஞ்சம் கிட்ட வாருங்கள் பிள்ளைகளே. கரையில் இருப்பவர்கள் உள்ளே தள்ளி இருங்கள், சாரல் அடிக்கிறது. இன்றைக்கு ஒரு சுவரின் கதை சொல்லப் போகிறேன். சுவருக்கு என்ன கதை என்று சிரிக்காதீர்கள். கேட்டு முடித்த பிறகு சிரிப்பு வந்தால் சிரியுங்கள். இது சந்தோசமான கதை இல்லை. இதில் ஒரு பச்சைப் பிள்ளை வரும். அது சாகவில்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையையே நினைத்துக்கொண்டு மற்றதைக் காதில் வாங்கமாட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

நாவற்குடாவில், வாவிப் பக்கம் இறங்கிப் போகிற ஒழுங்கையில் கேதீஸ்வரி என்றொரு பெண் இருக்கிறாள். அவளுடைய புருசன் இராசதுரை கட்டட வேலைக்குப் போய்வந்த மனிதர். ஊராருக்கு வீடு கட்டிக் கட்டி, கடைசியில் தனக்கும் ஒன்று கட்டினார். அத்திவாரம் எழும்பி முடிந்ததும், சுவர் வைப்பதற்கு முதல், அதன்மேல் தாரை உருக்கித் தடிப்பாகப் பூசினார். தார் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கேதீஸ்வரிதான். அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த மகள் கம்சாயினி ஓடிவந்து தாருக்குள் காலை வைத்துவிட்டாள். தேங்காயெண்ணெய் தேய்த்துத் தேய்த்தும் பெருவிரலில் கறுப்பு நெடுநாள் கிடந்தது.

"இது என்னத்துக்கு இவ்வளவு தடிப்பாப் பூசிறீங்க?" என்று அவள் கேட்டதற்கு இராசதுரை சொன்னாராம்: "நிலத்துத் தண்ணி கள்ளன் மாதிரி. சத்தமில்லாமச் சுவருக்குள்ள ஏறிரும். இந்தக் கோட்டுக்கு மேல அதுக்கு வழியில்ல."

வெளியில் பூச்சுப் பூசும்போதும் அந்த இடத்தை மறைக்காமல், வீட்டைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு தெரியும்படியாகவே விட்டார். கோட்டுக்குக் கீழே அத்திவாரம். அதற்கும் கீழேதான் முற்றத்து மணல். வீட்டுக்குள்ளிருந்து முற்றத்துக்குப் போவதென்றால் படி இறங்க வேண்டும்.

இராசதுரை போய்ச் சேர்ந்து கனகாலம். நம் பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்கு. கம்சாயினி கலியாணம் முடித்தபோது வீட்டு உறுதிப்பத்திரம் அவள் பெயருக்கு எழுதி, மாப்பிள்ளை நிதுர்ஷன் இந்த வீட்டுக்கு வந்தான். வந்தாறுமூலைப் பிள்ளை. புளியந்தீவில் கைபேசி திருத்துகிற கடை வைத்திருந்தான். கேதீஸ்வரி பின்னறைக்கு மாறினாள். கம்சாயினிக்கு இளையவன் லக்ஷன், விறாந்தையில் பாய் விரித்துக்கொண்டான். அக்காவுக்கு வீடு, தம்பிக்கு விறாந்தை. அவன் அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

லக்ஷனுக்குப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை. மரம் வெட்டுவான், குழாய் பார்ப்பான், வெள்ளைக்காரர் நடக்கிற பாதைகளுக்குக் கல் பதிப்பான். சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தால் அக்காவோடு ஒரே வாய்ச்சண்டைதான்.

"விறாந்தை மகாராசா வந்திற்றார். சோறு போடுங்க அம்மா, மகாராசாக்கு."

"ஓமோம். வீட்டுக்காரி உத்தரவு தந்தாத்தானே நாங்க சாப்பிடலாம்."

அந்தப் பெரிய வெள்ளம் வந்த கார்த்திகை உங்களுக்கு நினைவிருக்கும். வாவி ஏறி ஒழுங்கையை மூடி, கேதீஸ்வரியின் முற்றத்துக்குள் வந்து, மேல் படி வரைக்கும் நின்றது. வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் வெள்ளம் வற்றியபின் சேறு பிடித்த படியில் கேதீஸ்வரி வழுக்கி விழுந்தாள். முழங்கால் பிசகிவிட்டது. அன்றிலிருந்து படி இறங்குவதென்றால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு போல இறங்குவாள்.

அதைப் பார்த்துத்தான் லக்ஷன் அந்த வேலையைத் தொடங்கினான். தாயின் காலுக்காக. அதை மறக்காமல் கேளுங்கள்.

மாசி பிறந்ததும் கிரவல் மண் இறங்கியது. மணல் முற்றத்தின்மேல் கிரவலைக் கொட்டி, அதன்மேல் கல்தூள் பரவி, அதன்மேல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கிற இன்டர்லொக் கல் பதித்தான். கூட வேலை செய்கிற சாலிஹ் என்ற காத்தான்குடிப் பிள்ளையும் வந்து உதவினான். நிலத்தை இடித்து இறுக்குகிற மெஷினை எங்கேயோ கேட்டு வாங்கி வந்தவன் அவன்தான். அது உறுமினால் குசினிச் சட்டிகள் ஆடும். கிழமைக்குக் கிழமை கல் முன்னேறி வந்தது. சிவப்பு ஒரு வரி, சாம்பல் ஒரு வரி. ஒழுங்கைப் பக்கத்துக் கடப்படி வாசலிலிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும், சுவரோடு ஒட்டி, ஒரு விரல் போகவும் இடைவெளியில்லாமல்.

வைகாசியில் ஒரு ஞாயிறு, கம்சாயினி படுக்கிற அறைச் சுவரோரம் கடைசி வரி. லக்ஷன் குந்தியிருந்து கல்லை வைத்து ரப்பர்ச் சுத்தியலால் தட்டுகிறான். கேதீஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து, கோப்பையைக் கையில் வைத்தபடியே நின்றாள். படிகளெல்லாம் கல்லுக்குள் போய்விட்டன. வாசல் நிலையும் முற்றமும் ஏறக்குறையச் சரிசமம். அவள் பார்த்தது அதை இல்லை. கறுப்புக் கோட்டைத் தேடினாள். அது இல்லை. கல்லுக்குக் கீழே போயிருந்தது.

"என்னம்மா அப்பிடிப் பாக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல மனே."

"ஒருக்கா இறங்கிப் பாருங்க. நிலையைப் பிடிக்காம வாங்க."

அவள் நிலையைப் பிடிக்காமல் வெளியே வந்தாள். கால் நோகவில்லை. மகன் சுத்தியலை வைத்துவிட்டு, வியர்வை வழிகிற முகத்தோடு அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பிடி?"

"நல்லாரிக்கு" என்றாள். பிறகு, "அப்பா சுத்திவரக் கறுப்பா ஒரு கோடு போட்டிருந்தார் மனே" என்று தொடங்கினாள்.

"ஓம், அது வடிவில்லாம ஊத்தையாத் தெரிஞ்ச. இப்ப மறைஞ்சிற்று. வெள்ளம் வந்தாலும் இனி ஒழுங்கையோட நிண்டிரும், பாருங்க."

அவள் கோப்பையை நீட்டினாள். வாய்வரைக்கும் வந்த சொல்லைத் தேத்தண்ணியோடு கொடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை கிழமை முதுகு முறிந்தவனிடம், முடிந்த அன்றைக்கே, இது பிழை மனே, கிளப்பு என்று எந்தத் தாய் சொல்வாள்? பிறகு ஆறுதலாகச் சொல்லலாம், ஒரு மாரி போகட்டும் என்று நினைத்தாள்.

ஆனியில் லக்ஷன் செத்துப்போனான்.

பாசிக்குடாவிலிருந்து வரும்போது, கிரான் பக்கம் ரோட்டில் மாடு படுத்திருந்ததாம். அந்த ரோட்டில் அது புதினமில்லை. அதற்குமேல் அதைப்பற்றி நான் சொல்லமாட்டேன். பெட்டியை அந்தக் கல் முற்றத்தில்தான் இறக்கினார்கள். சேறு இல்லை, மணல் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கல்லில்தான் நின்றார்கள், இருந்தார்கள், அழுதார்கள். எதிர்வீட்டு ஆச்சிப்பிள்ளை கேதீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தனக்கே தளம் போட்டுத் தந்திற்றுப் போயிற்றானே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்தச் சொல் கேதீஸ்வரியின் நெஞ்சில் அப்படியே இறங்கிக்கொண்டது.

அதிலிருந்து அவள் காலையில் எழும்பினால் முதல் வேலை கல் கழுவுவது. முன்பு முற்றத்து மணலைக் கூட்டுவாள். இப்போது குழாயைப் பூட்டி, தண்ணீர் அடித்து, தும்புத்தடியால் ஒவ்வொரு வரியாகத் தேய்ப்பாள். காகம் எச்சமிட்டால் உடனே வாளியோடு போவாள். தண்ணீர் ஓடி ஓடி எங்கே போகும்? கடப்படிப் பக்கம் கொஞ்சம். மிச்சம் சுவர்ப்பக்கம். கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் மெல்லக் குடித்துக்கொண்டு கீழே போகும்.

அந்த ஆடியில்தான் கம்சாயினி பிள்ளைத்தாய்ச்சி என்று வெளியில் சொன்னார்கள். செத்த வீட்டுக்கு அது ஒரு விளக்கு மாதிரி. தம்பியே வந்து பிறக்கப்போகிறான் என்று ஆச்சிப்பிள்ளை சொன்னாள். எல்லாரும் அதை நம்ப விரும்பினார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையில் வெள்ளம் மறுபடி ஒழுங்கைக்கு வந்தது. லக்ஷன் சொன்னபடியே முற்றத்துக்குள் வரவில்லை. கல்லின் விளிம்போடு நின்றது. அயலார் வந்து பார்த்து, "பொடியன் செய்த வேலையைப் பாருங்க" என்றார்கள். கேதீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

ஆனால் வானத்திலிருந்து விழுகிற தண்ணீரை அந்தக் கல் என்ன செய்யும்? மணலாக இருந்தால் குடித்துவிடும். கல் குடிக்காது. மழை முற்றத்தில் அடித்துச் சுவரில் தெறித்தது, சுவரடியில் தேங்கியது. மார்கழி தொடங்க முதலே கம்சாயினியின் அறைச் சுவரில், நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்துக்குச் சாயம் அப்பளம் போலக் கொப்புளித்தது. தொட்டால் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. அலுமாரிக்குள் வைத்த சேலைகளில் பூஞ்சண மணம்.

நிதுர்ஷன் கெட்டவன் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு வந்து, சட்டை கழற்றாமலே சுவரைத் தடவிப் பார்ப்பான். முதலில் கூரை ஒழுக்கு என்றான், ஓட்டைப் பார்த்தான். பிறகு குழாய் வெடிப்பு என்றான், குழாய் மாற்றினான். ஆச்சிப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்துவிட்டு வேறு காரணம் சொன்னாள்.

"இது வாவித் தண்ணி ஊறிற ஊத்து. நம்மட ஒழுங்கை முழுக்க அப்பிடித்தான்."

"உங்கட வீட்டுச் சுவர் காஞ்சுதானே கிடக்கு, ஆச்சி?" என்றாள் கம்சாயினி.

"எனக்கென்ன தெரியும் புள்ள. என்ட வீட்டுக்குள்ள வர வாவிக்கும் பயமாக்கும்."

சிரித்தார்கள். அந்த வீட்டில் அந்த மாரியில் சிரித்தது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

நிதுர்ஷன் ஒருநாள் முற்றத்தில் நின்று, குனிந்து, கல் சுவரைத் தொடுகிற இடத்தைப் பார்த்தான். கேதீஸ்வரி குசினி வாசலில் நின்று அவன் பார்ப்பதைப் பார்த்தாள்.

"மாமி, இந்தக் கரைக் கல்லைக் கிளப்பிப் பாத்தா என்ன? தண்ணி இதுக்குள்ளதான் நிக்குதோ தெரியா."

 அவளுடைய குரல் அமைதியாக வந்தது.

"தம்பி, அவன்ட ஆட்டைத் திவசம் இன்னும் முடியல்ல. வருசம் திரும்பாம அவன் வெச்சதை அசைக்கிறதா? அதோட வீட்டில பிள்ளைத்தாய்ச்சி. அலவாங்கு போட்டு நெம்பலாமா? நீங்களே சொல்லுங்க."

 உங்களுக்குத் தெரியுமே, பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, நிலம் கொத்தக்கூடாது, எதையும் உடைக்கக்கூடாது. பிள்ளைக்கு உறுப்பில் குறை வரும் என்பார்கள். படித்தவர்கள், படிக்காதவர்கள் என்றில்லை, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அதைச் சோதித்துப் பார்க்க ஒருவருக்கும் துணிவு வராது. கேதீஸ்வரி சொன்ன காரணம் இரண்டும் பொய் இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் ஓம் என்றே சொல்வார்கள். பொய்யில்லாத காரணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் யாரும் வந்து தேடமாட்டார்கள், பிள்ளைகளே.

ஆணி அடிக்காமல், உடைக்காமல் செய்யக்கூடியதை நிதுர்ஷன் செய்தான். புளியந்தீவுக் கடையொன்றிலிருந்து சுவரில் ஒட்டுகிற தடித்த ஒட்டுத்தாள் வாங்கி வந்தான். வெள்ளைச் செங்கல் அடுக்கினது போல வடிவாக இருக்கும், தொட்டால் பஞ்சு மாதிரி அமுங்கும். பின்பக்கத் தாளை உரித்து அப்படியே அழுத்த வேண்டியதுதான். அறை முழுக்க ஒட்டினான். கட்டிலைச் சுவரோடு சேர்த்துப் போட்டான். கொப்புளமும் உப்பும் கண்ணுக்கு மறைந்தன. "இப்ப ஹோட்டல் மாதிரி இரிக்கு" என்றாள் கம்சாயினி. சொன்னவள் உடனே வாயை மூடிக்கொண்டாள். ஹோட்டல் என்ற சொல் அந்த வீட்டில் சொல்லக்கூடாத சொல்லாகியிருந்தது.

தையில் பெண்பிள்ளை பிறந்தது. தம்பி வரவில்லை. ஆனால் நெற்றி தம்பியுடையதுதான் என்றார்கள். ஆர்த்திகா என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளை பெற்ற துடக்குக் காலத்தில் தாயும் பிள்ளையும் இருக்கிற அறையை எப்படி வைப்போம் நாம்? யன்னல் பூட்டு. காற்றுப் படக்கூடாது. வேப்பிலை, சாம்பிராணிப் புகை. தாய்க்கு வேது பிடிக்கச் சுடுதண்ணீர் ஆவி. எல்லாம் அன்பினால் செய்வது. கேதீஸ்வரியும் குறைவில்லாமல் செய்தாள். பெற்றவளுக்கு மருந்துக் காயம் அரைத்துக் கொடுத்தாள், பிள்ளைக்கு எண்ணெய் வைத்தாள், காலையில் எழும்பி முற்றத்துக் கல்லையும் கழுவினாள். வெளியே கல்லின்மேல் தண்ணீர். உள்ளே பூட்டிய அறையில் ஆவி. நடுவில் அந்தச் சுவர். சுவரோடு கட்டில். கட்டிலில் சுவர்ப்பக்கம் பிள்ளை, உருண்டு விழாமல் இருக்கட்டுமே என்று.

முதலில் சின்னத் தும்மல். பிறகு மூக்கடைப்பு. பால் குடிக்கும்போது விட்டு விட்டு மூச்சு வாங்கியது. கேதீஸ்வரி பிள்ளையைத் தோளில் போட்டு நடக்கும்போது, அதன் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் தன் தோளில் அதிர்வதை உணர்ந்தாள். அவளுக்கு அப்போது என்ன தோன்றியது என்று யாருக்கும் தெரியாது. மறுநாளும் கல்லைக் கழுவினாள் என்பதுதான் தெரியும்.

துடக்குக் கழிக்கிற மருங்கைச் சடங்குக்கு இன்னும் சில நாட்கள் இருக்கும். மத்தியானம். கம்சாயினி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, சுவர்ப்பக்கம் சரக்கென்று ஒரு சத்தம். ஒட்டுத்தாள் பாரம் தாங்காமல் மேலேயிருந்து கழன்று, மடிந்து, கட்டிலில் விழுந்தது. பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. சுவரும் கறுப்பு. மயிர் முளைத்த மாதிரிப் பூஞ்சணம், பிள்ளையின் தலை கிடந்த இடத்திலிருந்து யன்னல் உயரம் வரைக்கும். ஒரு முழத்தில் நின்ற ஈரம், மூடி வைத்ததில் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது.

அவள் கத்தவில்லை. பிள்ளையைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு, துடக்கு என்று பாராமல் ஒழுங்கைக்கு வந்துவிட்டாள். பிள்ளையின் உதட்டோரம் நீலமாக இருந்தது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நெஞ்சில் சளி கட்டி நியுமோனியா என்றார்கள். சின்ன மூக்கில் குழாய் வைத்தார்கள். வீட்டில் ஈரம் இருக்கிறதா, புகை போடுகிறீர்களா என்று டொக்டர் பிள்ளை கேட்டாள். இருக்கிறது, போடுகிறோம் என்றான் நிதுர்ஷன். அவளும் ஒன்றும் ஏசவில்லை. அந்த வீட்டுக்கு இப்போதைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

சாலிஹ் அங்கேதான் வந்தான். லக்ஷன் போன பிறகு வாய்க்கிற வெள்ளிக்கிழமைகளில் வந்து, கேதீஸ்வரியைப் பார்த்து, ஏதாவது பழமோ பணியாரமோ கொடுத்துவிட்டுப் போகிறவன். வீட்டுக்கு வந்தால் கல் முற்றத்தில் நிற்பான், உள்ளே வரமாட்டான், கீழேயும் பார்க்கமாட்டான். ஆஸ்பத்திரி விறாந்தையில் கம்சாயினி சுவரைப் பற்றிச் சொன்னதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் சொல்லியிருக்கணும், ராத்தா" என்றான்.

"என்னத்தை?"

"கல்லு உசந்து போச்சு. லக்ஷன்ட மவுத்துக்குப் பிறகு ஒரு நாள் வந்து நிக்கக்குள்ளதான் எனக்கு விளங்கின. ஹோட்டல்ல நாங்க சுவரோட ஒட்டிப் பதிக்கிறல்ல, இடம் விட்டுத்தான் பதிக்கிற. இங்க அம்மாட காலுக்காக உசத்தி, ஒட்டிப் பதிச்சிற்றம். ஆனா அம்மா அந்தக் கல்லைக் கழுவிற கழுவலப் பாத்தா... எப்பிடிச் சொல்ற? என்னால ஏலாமப் போச்சு."

கம்சாயினி தாயைத் திரும்பிப் பார்த்தாள். கேதீஸ்வரி மர வாங்கில் அசையாமல் இருந்தாள். அவள் ஆச்சரியப்படவில்லை. மகளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அம்மா. உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்."

"எப்ப?"

"அவன் வைக்கக்குள்ளயே."

 உள்ளே யாருடைய பிள்ளையோ அழுதது. தன்னுடையதோ என்று கம்சாயினி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, பிறகு சொன்னாள்.

"அவன் செத்துப்போனான் அம்மா. இவள் உயிரோட இரிக்காள்."

"அதைக் கிளப்பினா அவன் செய்ததெல்லாம் போயிருமெண்டு..." என்றாள் கேதீஸ்வரி.

"முழுக்கக் கிளப்பத் தேவல்லம்மா" என்றான் சாலிஹ் மெதுவாக. "சுவரோரம் ஒரு முழம் போதும். அந்தக் கரையை மட்டும் எடுத்து, கீழ வரைக்கும் கிண்டி, பெரிய கல்லாப் போட்டு விட்டாச் சரி. மிச்சமெல்லாம் அப்பிடியே கிடக்கும்."

கேதீஸ்வரி அவனையே பார்த்தாள். ஒரு முழம். அந்த ஒரு முழத்துக்காகவா? தன் கையை, முழங்கையிலிருந்து விரல் நுனிவரைக்கும், ஏதோ மற்றவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கல் கழுவவில்லை. இராசதுரையின் பழைய அலவாங்கைப் பின்னறைக் கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்தெடுத்தாள். சாலிஹ் வருவதாகச் சொல்லியிருந்தான், அவன் வரும்வரைக்கும் பொறுக்கவில்லை. வருசம் திரும்பவில்லை, துடக்குக் கழியவில்லை. ஆச்சிப்பிள்ளை கடப்படியில் வந்து நின்று, "என்ன வேலைகா இது, இந்த நாளில?" என்றாள். கேதீஸ்வரி நிமிரவில்லை. அறைச் சுவரோரம், லக்ஷன் கடைசியாக வைத்த கல்லின் இடுக்கில் அலவாங்கைக் குத்தி நெம்பினாள். அது லேசில் வரவில்லை. இறுக்கிப் பதித்திருந்தான். முழங்காலை ஊன்றி நெம்பினாள். வந்தது.

கல்லின் கீழ்ப்பக்கம் நனைந்து குளிர்ந்து கிடந்தது. மழை விட்டுக் கனநாள். அந்தக் கல்தூளைப் பிசைந்தால் கஞ்சி போலத் தண்ணீர் வடிந்தது. கையால் வழித்தாள். ஆழத்தில், சேற்றுக்கு நடுவில், கறுப்புக் கோடு. தார் அப்படியே இருந்தது. ஒரு வெடிப்பும் இல்லை. தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. தண்ணீரைக் கோட்டுக்கு மேலே தூக்கி வைத்தவர்கள் மனிதர்கள்தானே.

சாலிஹ் வந்தபோது அவள் சேற்றில் குந்தியிருந்தாள். அவன் அலவாங்கை வாங்கிக்கொண்டான். அன்றைக்கும் பிறகும் அவன் வந்து வீட்டைச் சுற்றி ஒரு முழம் கிளப்பி, கோடு வெளியே தெரியும்வரை கிண்டி, சல்லிக்கல் போட்டான். வாசலில் மட்டும் கேதீஸ்வரியின் காலுக்காகக் கல்லைக் கிளப்பாமல் விட்டு, குறுக்கே தண்ணீர் போக ஒரு வாய்க்கால் வெட்டினான். சுவரின் பூச்சை ஈரம் ஏறிய உயரத்துக்குக் கொத்தி எடுத்தார்கள். கிளப்பிய கல்லையெல்லாம் கேதீஸ்வரி பின்னறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாள். ஒன்றையும் யாருக்கும் கொடுக்கவில்லை.

பிள்ளை தேறியது. குழாயைக் கழற்றினார்கள். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டோ நாவற்குடாவுக்குத் திரும்பவில்லை. வந்தாறுமூலைக்குப் போனது, நிதுர்ஷனின் தாய் வீட்டுக்கு. நம் பக்கத்தில் ஒரு பெண் தன் பெயரில் இருக்கிற வீட்டை விட்டுவிட்டுப் புருசன் வீட்டுக்குப் பிள்ளையோடு போகிறாள் என்றால், அது எவ்வளவு பெரிய போக்கு என்று உங்களுக்குத் தெரியும். மருங்கையும் அங்கேதான் நடந்தது. கேதீஸ்வரியை அழைத்தார்கள். போனாள். வந்தவர்களில் ஒருத்தியாக ஒரு மூலையில் இருந்துவிட்டு வந்தாள்.

சுவர் காய்வது ஒரு நாள் வேலை இல்லை. பங்குனி வெயில் வந்தது, சித்திரை வெயில் வந்தது. யன்னல்களைத் திறந்து போட்டாள். ஒவ்வொரு நாளும் உப்பைத் தும்புத்தடியால் தட்டிக் கூட்டி அள்ளினாள். அறையில் கட்டில் இல்லை, அலுமாரி இல்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். குளிரும். அடுத்த நாளும் வைப்பாள்.

ஆனியில் லக்ஷனின் ஆட்டைத் திவசம். கம்சாயினி பிள்ளையோடு வந்தாள். பிள்ளை கொழுத்திருந்தது, ஆனால் மூச்சு விடும்போது இன்னும் மெல்லிய ஒரு சத்தம் இருந்தது. பையில் மருந்துக் குழாயும் முகத்தில் வைக்கிற சின்ன மூடியும் இருந்தன. சடங்கு முடியும்வரை அவள் பிள்ளையை வைத்துக்கொண்டு முற்றத்துக் கல்லிலேயே இருந்தாள். தம்பியின் கல்லில். சிவப்பு ஒரு வரி, சாம்பல் ஒரு வரி.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, பிள்ளையை நிதுர்ஷனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கேதீஸ்வரி பின்னால் போனாள். வெறும் அறை. கம்சாயினி சுவரில் கையை வைத்தாள்.

"காஞ்சிற்று, என்ன?" என்றாள் தாய்.

அவள் கையை எடுக்கவில்லை. கொஞ்சம் மேலே வைத்தாள், கொஞ்சம் கீழே வைத்தாள்.

"கீழ இன்னும் குளிருது அம்மா."

"அது இனி வெயிலுக்குக் காஞ்சிரும்."

"ஒரு மாரி போகட்டும். பாப்பம்."

அதே சொல். ஒரு மாரி போகட்டும் என்று அன்றைக்குத் தான் நினைத்ததை மகள் எங்கே கேட்டாள் என்று கேதீஸ்வரி திகைத்துப் போனாள்.  கடப்படி வரைக்கும் கூடப் போனாள், கால் நோகாமல், சமமான கல்லில் நடந்து. ஓட்டோவில் ஏறிய பிறகு கம்சாயினி வெளியே கையை நீட்டித் தாயின் கையைப் பிடித்தாள், பிடித்துவிட்டு விட்டாள். ஓட்டோ திரும்பிப் போனது.

கேதீஸ்வரி இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். யன்னல்கள் திறந்துதான் கிடக்கின்றன. மழை பெய்தால் வாசலில் நின்று, தண்ணீர் சல்லிக்குள் இறங்கிப் போவதைப் பார்ப்பாள், கறுப்புக் கோடு நனையாமல் இருக்கிறதா என்று பார்ப்பாள். இந்த மாரி இன்னும் போகவில்லை. வெளியே கேட்கிறதுதானே.

சரி பிள்ளைகளே, எழும்புங்கள், இருட்டுகிறது. உங்கள் வீட்டுச் சுவர்கள் காய்ந்திருக்கட்டும். முற்றத்தில் விழுகிற மழை முற்றத்தோடே இறங்கிப் போகட்டும். வீட்டில் ஒருவர் நெஞ்சில் அடக்கி வைத்திருக்கிற சொல் நேரத்தோடு வெளியே வரட்டும், அதைக் கேட்கிற காதும் பொறுமையாக இருக்கட்டும். உங்கள் பச்சைப் பிள்ளைகள் சத்தமில்லாமல் மூச்சு விட்டு உறங்கட்டும். போய் வாருங்கள், நனையாமல் போங்கள்.